முகத்தைக் கொஞ்சம் சும்மா விடுங்கள்

"அக்கா, ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவுறேன். அப்பவும் பரு போக மாட்டேங்குது."

சேலம் அம்மாபேட்டையில் நான் வேலை பார்க்கும் மெடிக்கலுக்கு வாரத்துக்கு ஒருவராவது வந்து இப்படிச் சொல்வார்கள். பெரும்பாலும் காலேஜ் பிள்ளைகள். சில நேரம் தறிப்பட்டறையிலிருந்து தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு வரும் பையன்கள். "அப்பவும் இல்ல கண்ணு, அதனாலயும் இருக்கும்" என்பேன். நம்ப மாட்டார்கள். 24 வயது வரை நானும் நம்பவில்லை.

டி.பார்ம் முடித்துக் கடையில் நிற்க ஆரம்பித்த புதிது. கன்னம், தாடையோரம் எங்கும் பரு. மருந்து கொடுக்கிறவள் முகமே இப்படி இருந்தால் வாங்குகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று ஒரே கூச்சம். எழுந்ததும் ஒரு தடவை, குளிக்கும்போது ஒரு தடவை, கடைக்குப் போனதும், சாப்பாட்டுக்கு முன், சாப்பிட்ட பின், நாலு மணிக்கு, வீட்டுக்கு வந்ததும், படுக்கும் முன் என்று எட்டு தடவை கழுவுவேன். எல்லாம் உடம்புக்குப் போடும் அதே குளியல் சோப்புதான். கழுவி முடித்துக் கன்னத்தில் விரலை இழுத்தால் எவர்சில்வர் தட்டு மாதிரி கிறீச் என்று சத்தம் வர வேண்டும். அப்போதுதான் மனசு ஆறும்.

அந்த டிசம்பரில் முதலாளி தன் சொந்தக்காரர் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி மூன்று மாதம் என்னை ஏற்காட்டுக்கு அனுப்பினார். ஒண்டிக்கடை பக்கம் ஒரு சின்ன மெடிக்கல். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கும்போதே காது அடைத்துப் பல் தந்தியடித்தது. தங்கிய அறையில் ஹீட்டர் கிடையாது. குழாய்த் தண்ணீரைத் தொட்டால் விரல் மரத்துப்போகும். காலையில் வெந்நீர் வைத்துக் குளிக்கும்போது ஒரு தடவை, ராத்திரி விதியே என்று ஒரு தடவை, அதோடு சரி. பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தபோது அம்மா முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மலைக் காத்து ஒத்துக்கிச்சுடி" என்றார்.

நானும் மலைக் காற்று என்றுதான் நினைத்தேன். மார்ச்சில் சேலத்துக்குத் திரும்பி, வெயிலைப் பார்த்ததும் பழையபடி எட்டு தடவை ஆரம்பித்தேன். மூன்றே வாரத்தில் முகம் சிவந்து எரிந்து பரு திரும்பி வந்துவிட்டது. குளிரில் வியர்க்கவில்லை, அதுவும் உதவியிருக்கும். ஆனாலும் ஒரு சந்தேகம் விழுந்தது. ஏப்ரல் வெயிலிலேயே, கீழேயே இருந்துகொண்டு இரண்டு தடவைக்கு இறக்கிப் பார்த்தேன். ஒன்றரை மாதத்தில் எரிச்சல் நின்றது, புதுப் பருவும் குறைந்தது. அதை எப்படிச் செய்தேன் என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

முதலில் ஒரு விஷயம். பரு என்பது மேலே ஒட்டிய அழுக்கு இல்லை. மயிர்த்துளைக்குள் எண்ணெயும் செத்த தோலும் சேர்ந்து அடைத்துக்கொள்ள, உள்ளே வாழும் பாக்டீரியா பெருகித் தோல் வீங்குகிறது. மூக்கில் தெரியும் கரும்புள்ளியும் தூசி கிடையாது. அந்த அடைப்பு வாய் திறந்து காற்றுப் பட்டுக் கறுத்திருக்கிறது, அவ்வளவுதான். தேய்த்தால் போகிற கறுப்பு இல்லை. "கழுவக் கழுவ எண்ணெய் கூடுதலாகச் சுரக்கும்" என்று ஒரு பேச்சு உண்டு. அதையும் நான் அப்படியே நம்புவதில்லை. எண்ணெய்ச் சுரப்பியை ஆட்டுவிப்பது முக்கியமாக ஹார்மோன். அதிகம் கழுவுவதால் கெடுவது தோலின் மேல் அரண். அது கெட்டால் தோல் காயும், சிவக்கும், பரு மருந்து போட்டால் தாங்காமல் எரியும். எரிகிறது என்று மருந்தை நிறுத்துவோம், பரு நிற்காது.

சோப்பு என்ன செய்கிறது என்பதைக் கடையிலேயே ஒரு மத்தியானம் பார்த்தேன். புளிப்புத்தன்மையா காரத்தன்மையா என்று நிறம் மாறிக் காட்டும் பி.எச் தாள் ஒரு கட்டு சும்மா கிடந்தது. என் குளியல் சோப்பை உள்ளங்கையில் குழைத்து அந்த நுரையில் ஒரு தாளை வைத்தேன். மஞ்சள் தாள் பச்சையாகி, கண்ணெதிரே நீலத்துக்குப் போனது. சாதாரண சோப்பின் பி.எச் 9, 10 இருக்கும், அதாவது காரத்தன்மை. நம் தோல் 5-ஐ ஒட்டிய லேசான புளிப்பில் இருக்கிறது. ஒரு தடவை சோப்புப் போட்டால் தோல் பழைய நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் ஆகும். அது திரும்புவதற்குள் நான் அடுத்த தடவை போட்டுக்கொண்டிருந்தேன்.

எண்ணுங்கள், அப்புறம் குறையுங்கள்

எடுத்தவுடனே குறைக்காதீர்கள். ஒரு வாரம் எண்ணிப் பாருங்கள். நான் தினசரி காலண்டர் தாளில் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போட்டேன். ஐந்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன், எட்டு வந்தது. எதற்காகக் கழுவினோம் என்பதையும் ஓரமாக எழுதுங்கள். எனக்குப் பாதிக் கோடு "சும்மா" என்று இருந்தது. கண்ணாடியைப் பார்த்தேன், கழுவினேன்.

அடுத்த வாரம் சோப்பை மட்டும் குறையுங்கள், தண்ணீரை அப்புறம் பார்க்கலாம். காலையும் ராத்திரியும் மட்டும் சோப்போ ஃபேஸ்வாஷோ. நடுவில் எத்தனை தடவை தோன்றினாலும் வெறும் தண்ணீர். எட்டிலிருந்து ஒரேயடியாக இரண்டுக்குத் தாவினால் மூன்றாம் நாளே மனசு குழாயடிக்குப் போய்விடும். எனக்கு இரண்டு தடவை அப்படி ஆனது.

மூன்றாவது வாரத்தில் அந்த "சும்மா" கழுவல்களை எடுத்துவிடுங்கள். கடைசியில் நிற்க வேண்டியது காலை ஒன்று, ராத்திரி ஒன்று, நன்றாக வியர்த்தால் மட்டும் நடுவில் தண்ணீரில் ஒன்று. ராத்திரிக் கழுவலை விடவே கூடாது. சன்ஸ்கிரீன், பவுடர், பஸ் புகை எல்லாம் இறங்க வேண்டியது அப்போதுதான். வறண்ட தோல்காரர்கள் காலையில் வெறும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னும் குறைத்தால் இன்னும் நல்லதுதானே என்று ஒரு தங்கச்சி கேட்டாள். இல்லை. 2006-ல் வெளிவந்த ஒரு சின்ன அமெரிக்க ஆய்வில் பரு உள்ள ஆண்களைத் தினம் ஒரு தடவை, இரண்டு தடவை, நான்கு தடவை என்று பிரித்துக் கழுவச் சொன்னார்கள். இரண்டு தடவைக்காரர்களுக்குக் கரும்புள்ளி குறைந்தது. ஒரு தடவைக்காரர்களுக்குச் சிவப்பும் பருவும் கூடின. ஆகவே கழுவாமலே இருக்கும் வைராக்கியம் எல்லாம் வேண்டாம்.

இரண்டு தடவையை ஒழுங்காக

இருப்பது இரண்டுதான் என்றால் அதை அவசரமாகச் செய்யக் கூடாது. முதலில் கையைக் கழுவுங்கள். சோப்பு இல்லாத, பி.எச் 5.5 என்று போட்டிருக்கும் ஃபேஸ்வாஷ் போதும். ஒரு பட்டாணி அளவு எடுத்து, உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக் குழைத்து, விரல் நுனியால் அரை நிமிடம் தடவுங்கள். நகம் வேண்டாம், நார் வேண்டாம், கரகரவென்று மணல் மாதிரி இருக்கும் ஸ்கிரப் வேண்டவே வேண்டாம். கடலை மாவு போடும் வீடுகளில் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் அதை வைத்துப் பாத்திரம் தேய்ப்பது போலத் தேய்த்தால் அதுவும் ஸ்கிரப்தான். எலுமிச்சைச் சாறு, பற்பசை, சமையல் சோடா மூன்றும் அடுப்படியிலும் குளியலறையிலும் இருக்கட்டும்.

சாலிசிலிக் அமிலம் சேர்த்த ஃபேஸ்வாஷ் என்றால் ஒரு வேளை மட்டும் போடுங்கள். இரண்டு வேளையும் போட்டுவிட்டுக் "காந்துது அக்கா" என்று வருவார்கள்.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். எங்கள் தெருவில் போர்த் தண்ணீர் நல்ல உப்பு. வாளி விளிம்பில் வெள்ளையாகப் படிந்து, ஸ்குரூ டிரைவர் வைத்துச் சுரண்டினால்தான் வரும். அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, கால்சியத்தோடும் மக்னீசியத்தோடும் சேர்ந்து திரிந்துவிடும். ஒரு மக் தண்ணீரில் சோப்பைக் கரைத்துப் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள், மேலே தயிர் ஏடு மாதிரி மிதக்கும். அதே ஏடுதான் முகத்திலும் ஒட்டிக்கொண்டு, பிசுபிசுப்பு போகவில்லை என்று மறுபடி சோப்புப் போட வைக்கிறது. அதனால் மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் குழாயில் வரும் நாளில் ஒரு சின்னக் குடம் முகத்துக்கென்று தனியாகப் பிடித்து மூடி வைப்பேன். வேளைக்கு ஒரு சொம்பு போதும். "குடிக்கிற தண்ணியில மூஞ்சி கழுவுறா பாரு" என்று அம்மா இன்றைக்கும் முணுமுணுப்பார். குடம் பிடிக்க வழியில்லாதவர்கள் சோப்பை விட்டுவிட்டுச் சோப்பில்லாத ஃபேஸ்வாஷுக்கு மாறினாலே அந்த ஏடு வராது.

வெந்நீர் வேண்டாம், இளஞ்சூடு வரை சரி. துடைக்கும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். நல்ல ஈரிழைத் துண்டு, முகத்துக்கு மட்டும், தினம் துவைத்தது. லேசான ஈரம் இருக்கும்போதே கொஞ்சம் மாய்ஸ்சரைசர். எண்ணெய் வடியும் முகத்துக்கு எதற்கு என்பார்கள். அட்டையில் நான்-காமிடோஜெனிக், அதாவது துளையை அடைக்காதது, என்று போட்டிருக்கும் லேசான ஜெல் வகையை வாங்கித் தடவிப் பாருங்கள், காந்தல் அடங்கும். அதற்குப் பதில் தேங்காயெண்ணெய் வேண்டாம், அது துளையை அடைக்கும் வகை. நெற்றியில் மட்டும் பொடிப்பொடியாகப் பரு இருந்தால் தலைக்கு வைக்கும் எண்ணெயைச் சந்தேகப்படுங்கள். ராத்திரி எண்ணெய் வைத்துப் படுப்பதை விட்டுக் குளிப்பதற்கு முன் வைத்து அலசிவிடலாம்.

நடுப்பகலில் என்ன செய்வது

கஷ்டமே இங்கேதான். மே மாதத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு முகம் மினுமினு என்று இருக்கும்போது குழாயை விட்டு விலகி நிற்பது லேசில்லை. அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைக் கைக்குட்டை அளவில் ஆறாகக் கிழித்து வைத்துக்கொண்டேன். நைந்த பருத்தி, பூ மாதிரி இருக்கும். நெற்றியில் வைத்து அழுத்தி எடுத்தால் எண்ணெயும் வியர்வையும் துணிக்கு வந்துவிடும். ஒரு துணி ஒரு நாளைக்கு, ராத்திரி துவைத்துப் போட்டுவிட வேண்டும்.

தறியில் நிற்பவர்கள், அடுப்படியில் வேலை பார்ப்பவர்கள், வெயிலில் வண்டி ஓட்டுகிறவர்கள் வேலை முடிந்ததும் கழுவத்தான் வேண்டும், அதைக் குற்றமாக நினைக்காதீர்கள். வெறும் தண்ணீர் போதும். தாடையில் மட்டும் பரு வரும் வண்டிக்காரர்கள் ஹெல்மெட் பட்டையைத் துவைத்துப் பாருங்கள். என்னிடம் கேட்ட ஒருவர் நாலு வருடமாக அதைத் துவைத்ததே இல்லை.

முதல் இரண்டு வாரம் முகம் பிசுக்கென்று இருப்பதாகத் தோன்றும். அந்தக் கிறீச் சத்தத்துக்குப் பழகிய விரல் அது. ஆறு வாரமாவது பொறுங்கள். ஒரே ஜன்னல் பக்கம், காலை வெளிச்சத்தில், வாரம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கண்ணாடியை நம்பாதீர்கள், அது தினம் ஒரு கதை சொல்லும்.

கழுவுவதைக் குறைத்ததும் கைக்கு வேலை இல்லாமல் கிள்ளத் தோன்றும். தழும்பு அதிகம் வருவது அதில்தான்.

இதனால் எல்லாப் பருவும் போகும் என்று சொல்ல மாட்டேன். எனக்குமே தாடையோரப் பரு கழுவலைக் குறைத்ததால் மட்டும் போகவில்லை. தோல் டாக்டர் ராத்திரிக்கு அடாபலீன், காலையில் 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு என்று தடவும் பரு மருந்து இரண்டு எழுதிக் கொடுத்தார். எட்டு தடவை கழுவிய காலத்தில் அதே மருந்தை நாலு நாள்கூடத் தாங்க முடியவில்லை. இரண்டு தடவைக்கு வந்த பிறகு தாங்கியது. பென்சாயில் பெராக்சைடு பட்ட தலையணை உறை வெளுத்துவிடும், பழைய வெள்ளை உறையைப் போட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் அடாபலீன் தொடக் கூடாது, டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடையில் நான் அதிகம் சண்டை போடுவது வேறொரு கிரீமுக்கு. பக்கத்து வீட்டு அக்கா போட்டு வெள்ளையானாராம், பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். பெட்டாமெத்தசோனோ க்ளோபெட்டசாலோ இருக்கும், ஸ்டீராய்டு. நாலு நாளில் பரு அமுங்கும், முகம் பளிச்சென்று இருக்கும். மாசக் கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, நிறுத்திய அன்றைக்கு முன்பைவிட மோசமாகக் கொப்பளிக்கும். 2018-லிருந்து இவை டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத பட்டியலில் இருக்கின்றன. நான் கொடுப்பதில்லை, கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருப்பவர்கள் தானாக நிறுத்தாமல் டாக்டரைப் பார்த்துப் படிப்படியாக விடுங்கள்.

பெரிய கட்டி கட்டியாக வலியோடு வந்தாலோ, தழும்பு விழுந்தாலோ, பெண்களுக்கு மாதவிடாய் தவறி முகத்தில் முடியும் சேர்ந்து வந்தாலோ ஆறு வாரம் எல்லாம் காத்திருக்க வேண்டாம். நெற்றியில் ஒரே அளவில் பொடிப்பொடியாக வந்து அரித்தாலும் காட்டுங்கள், அது பரு இல்லாமல் பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு. காசுக்கு யோசித்தால் நம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலேயே தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது அந்தக் காலண்டர் தாளையும், இதுவரை போட்ட கிரீம் டியூப் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். காலி டியூப் என்றாலும் தூக்கிப் போடாதீர்கள்.