வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புமுன்: பெயர், தேதி, வங்கி, பி.எஃப்.

ஆஃபர் லெட்டர் கைக்கு வந்ததும் எல்லோரும் விசா, டிக்கெட் பின்னால் ஓடுகிறார்கள். அவை எப்படியும் நடந்துவிடும். ஏஜென்ட்டோ கம்பெனியோ விரட்டிக்கொண்டே இருப்பார்கள். விரட்ட ஆளில்லாத வேலைகள்தான் தங்கிப்போகும்: வருமான வரி, வங்கிக் கணக்கு, பி.எஃப்., வாடகைக்கு விட்ட வீடு. இங்கே அரை நாளில் முடிகிற ஒரு கையெழுத்துக்கு, அங்கே போனபின் தூதரக அப்பாயின்ட்மென்ட், கூரியர், சார்பதிவாளர் அலுவலகம் என்று ஒரு மாதம் போய்விடும். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகப் போகிறவர்களை மனத்தில் வைத்து, எது அதிக நாள் பிடிக்குமோ அதை முதலில் சொல்கிறோம். மூன்று மாதமாவது கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

பெயர் முதலில்

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘செந்தில்குமார் ரா’, பான் அட்டையில் ‘ராமசாமி செந்தில்குமார்’, ஆதாரில் வெறும் ‘செந்தில்குமார்’, பாஸ்போர்ட்டில் கொடுத்த பெயர் செந்தில்குமார், குடும்பப் பெயர் காலி. நம் ஊரில் இது சாதாரணம். இனிஷியலை எங்கே விரித்தோம், முன்னால் போட்டோமா பின்னால் போட்டோமா என்பதை இங்கே யாரும் கேட்பதில்லை. வெளியே போகும்போது ஒவ்வொரு கவுன்டரிலும் கேட்பார்கள்.

பாஸ்போர்ட்டில் இனிஷியல் நிற்காது, விரித்துத்தான் எழுத வேண்டும். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டால் பாஸ்போர்ட் கிடைக்கும், சிக்கல் பிறகு வரும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. வேலை விசாவில் போகிறவருக்கு அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து அப்பா அம்மாவை விசிட்டில் அழைக்கும்போதுதான் தெரியும். ஆகவே உங்கள் பாஸ்போர்ட்டோடு வீட்டிலுள்ளவர்களின் பாஸ்போர்ட்டையும் இப்போதே திறந்து பாருங்கள். அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்குவதே நம்மில் பலர் செய்வது, அதுவே போதும்.

பாஸ்போர்ட் பெயரை அச்சாக வைத்துக்கொண்டு, ஆதார், பான், பி.எஃப். என்ற வரிசையில் சரிசெய்யுங்கள். பி.எஃப். அலுவலகம் உங்கள் பெயரை ஆதாரோடுதான் ஒப்பிடும். எழுத்து மாறினால் க்ளெயிம் திரும்பிவிடும். 2017 அக்டோபர் 1-க்குப் பிறகு வாங்கிய, ஆதார் சரிபார்த்த யூ.ஏ.என். (பி.எஃப். உறுப்பினர் எண்) என்றால் பெயர், பிறந்த தேதி போன்றவற்றை உறுப்பினர் போர்ட்டலில் நீங்களே திருத்தலாம். அதற்கு முந்தையது என்றால் கூட்டு அறிவிப்புப் படிவத்துக்கு முதலாளியின் ஒப்புதல் வேண்டும். ராஜினாமா கொடுத்து எச்.ஆர். உங்கள் மெயிலுக்குப் பதில் போடுவதை நிறுத்துமுன் இதை முடித்தாக வேண்டும்.

பழைய கல்விச் சான்றிதழ்களைத் திருத்தப் போராடாதீர்கள். இரு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்து, சான்றிதழ் கட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். பெயரே வேறு என்றால் மட்டும் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்றம்.

சான்றொப்பம்: எந்த நாடு என்பதே எல்லாம்

2005 முதல் இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் (ஒரு நாட்டின் ஆவணத்தை ஒரே முத்திரையோடு மற்ற நாடுகள் ஏற்கும் ஏற்பாடு) இருக்கிறது. போகிற நாடும் அதில் இருந்தால் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை ஒன்று போதும். சவுதி அரேபியா 2022 டிசம்பரிலும், கனடா 2024 ஜனவரியிலும் இந்த முறைக்கு வந்தன. அமீரகம், கத்தார், குவைத் அதில் இல்லை. அங்கே போகிறவருக்கு மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், அந்த நாட்டுத் தூதரகம், பிறகு அங்கே போய் அவர்கள் அமைச்சகம் என்று நான்கு படி. ஜெர்மனி உடன்படிக்கையில் இருந்தாலும் இந்தியா சேர்ந்தபோதே ஆட்சேபம் தெரிவித்த நாடு. அங்கே நம் அப்போஸ்டில் செல்லாது, கம்பெனி கேட்பதைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

முதல் படி மாநில அரசு. பட்டச் சான்றிதழுக்கு உயர்கல்வித் துறை, பள்ளிச் சான்றிதழுக்குப் பள்ளிக்கல்வித் துறை. பல்கலைக்கழகம் உண்மைத்தன்மை உறுதிசெய்து பதில் அனுப்பும் வரை இது நகராது, நாள் தின்பது இங்கேதான். அப்போஸ்டிலுக்கு அமைச்சகம் வாங்குவது ஆவணத்துக்கு 50 ரூபாய். மீதியெல்லாம் சேவை மையங்களின் கட்டணம். ஏஜென்ட் ஒரு ஆவணத்துக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள்.

துணைவரை அழைத்துப்போகும் எண்ணம் இருந்தால் திருமணப் பதிவுச் சான்றிதழும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் இதே வழியில் போக வேண்டும். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறதா பாருங்கள். ‘பெயர்’ கட்டம் காலியாகவே இருக்கும் சான்றிதழ்கள் நம்மிடம் நிறைய. காவல்துறை நற்சான்று கேட்டால் பாஸ்போர்ட் சேவா தளத்தில் விண்ணப்பம், கட்டணம் 500 ரூபாய். அதைக் கடைசியில் எடுங்கள். சீக்கிரம் எடுத்தால் விசா வருமுன் காலாவதியாகும்.

பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (குடிபெயர்வு அனுமதி தேவை) முத்திரை உள்ளவர்கள் வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் இ-மைக்ரேட் தளம் வழியாகக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு இந்த முத்திரை தேவையில்லை. சான்றிதழைக் காட்டி நீக்கிக்கொள்ளலாம். அனுமதியோடு வரும் பிரவாசி பாரதிய பீமா காப்பீடு 10 லட்சம் ரூபாய்க்கானது. பிரீமியம் 2 ஆண்டுக்கு 275, 3 ஆண்டுக்கு 375 ரூபாய், வரி தனி. விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றலாம் என்று யாராவது சொன்னால், இந்த அனுமதியும் காப்பீடும் இரண்டும் இல்லாமல் போகிறீர்கள் என்று பொருள்.

எந்தத் தேதியில் கிளம்புகிறீர்கள்?

வருமான வரிக்கு ஆண்டு என்பது ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வேலைக்காக வெளியேறும் இந்தியக் குடிமகன் அந்த ஆண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால் முழு ஆண்டுக்குமே வெளிநாடுவாழ் இந்தியர். ஏப்ரல் 1-இலிருந்து எண்ணினால் செப்டம்பர் 28-உடன் 181 நாள். கிளம்பும் நாளையும் இந்திய நாளாகவே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு. ஆக, செப்டம்பர் 28-க்குள் விமானம் ஏறுகிறவர் ஒரு பக்கம், அதற்குப் பிறகு ஏறுகிறவர் மறுபக்கம்.

அந்தத் தேதிக்குப் பிறகு போனால் என்ன? டிசம்பர் 1-ஆம் தேதி துபாயில் சேருகிறவர் அந்த ஆண்டு இங்கே குடியிருப்பவர். டிசம்பரிலிருந்து மார்ச் வரை துபாயில் வாங்கிய சம்பளத்தையும் இந்தியாவில் கணக்கில் காட்டி வரி கட்ட வேண்டும். அங்கே வரி இல்லாததால் கழித்துக்கொள்ளவும் எதுவும் இல்லை. ‘துபாய் சம்பளத்துக்கு வரியே கிடையாது’ என்று நம்பிப் போனவருக்கு அடுத்த ஆண்டு நோட்டீஸ் வருவது இப்படித்தான். ஜெர்மனி, இங்கிலாந்து போன்ற நாடுகளில் வரி பிடித்திருப்பார்கள். அந்த அளவுக்கு இங்கே கழிவு கிடைக்கும், அதற்கான படிவத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். அங்கே தொடங்கிய வங்கிக் கணக்கையும் அந்த ஆண்டின் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் எழுத வேண்டும்.

செப்டம்பருக்குள் போவது எப்போதும் லாபம் என்றும் இல்லை. ஆகஸ்ட்டில் கிளம்பும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் முதல் ஜூலை வரை மாதம் ஒன்றரை லட்சம் வீதம் 6 லட்சம் சம்பளம். 12 லட்சம் வரை வரி இல்லையே என்று நினைப்பார். அந்தத் தள்ளுபடி இங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும். 75,000 நிலையான கழிவு போக 5.25 லட்சம், 2025-26 விகிதப்படி 4 லட்சத்துக்கு மேல் உள்ள 1.25 லட்சத்துக்கு 5 சதவீதம், செஸ்ஸோடு 6,500 ரூபாய். தொகை சிறியது. கம்பெனி பிடிக்காமல் விட்டிருந்தால் கட்ட வேண்டியவர் நீங்கள்.

வீடோ மனையோ விற்கும் யோசனை இருந்தால் தேதியின் கனம் கூடுகிறது. குடியிருப்பவர் 50 லட்சம் அல்லது அதற்கு மேல் விற்றால் வாங்குகிறவர் 1 சதவீதம் வரி பிடிப்பார். வெளிநாடுவாழ் இந்தியர் விற்றால் நீண்டகால லாபத்துக்கு 12.5 சதவீதமும் சர்சார்ஜ், செஸ்ஸும் பிடிக்க வேண்டும். லாபம் எவ்வளவு என்று வாங்குகிறவருக்குத் தெரியாததால், வருமான வரித் துறை தரும் குறைந்த விகிதச் சான்றிதழ் இல்லாவிட்டால் மொத்த விலையிலேயே பிடித்துவிடுகிறார்கள். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய மனை, வீட்டுக்குப் பணவீக்கச் சரிகட்டலோடு 20 சதவீதம் என்ற மாற்று வழியும் குடியிருப்பவருக்கு மட்டுமே. இன்னொன்று: போனபிறகு விவசாய நிலம் வாங்க முடியாது. முன்பே வாங்கியதை வைத்துக்கொள்ளலாம், பரம்பரையாகவும் வரலாம். ஊரில் நிலத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தால் கிரயத்தை முடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வாடகை வீடும் பவர் பத்திரமும்

நீங்கள் வெளிநாடுவாழ் இந்தியர் ஆனதும், உங்களுக்கு வாடகை தருகிறவர் மாதாமாதம் 31.2 சதவீதம் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 10,000 ரூபாய் வாடகைக்கும் இதே சட்டம். அதற்கு அவர் டேன் எண் (வரி பிடிப்பவருக்கான எண்) வாங்க வேண்டும். குடித்தனக்காரர்கள் யாருக்கும் இது தெரிவதில்லை, சொல்ல வேண்டியவர் நீங்கள். உங்கள் வரிக்கு மேல் பிடித்த பணம் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பக் கிடைக்கும்.

மின் இணைப்பு, சொத்து வரி, வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றைக் கவனிக்க நம்பகமான ஒருவருக்குப் பவர் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் இங்கேயே பதிந்துவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து எழுதினால் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்பி, அது இந்தியா வந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். விற்கும் அதிகாரத்தை அதில் சேர்க்காதீர்கள். உறவு எவ்வளவு நெருக்கமானாலும் சரி.

வங்கி

அன்னியச் செலாவணிச் சட்டத்தில் வேலைக்காகப் போகிறவருக்கு 182 நாள் கணக்கு கிடையாது. வேலைக்காக நாட்டைவிட்டுப் போன அன்றே நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே ஓட்டுவது விதிமீறல். தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் போட இடமுண்டு. பழைய கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வசிப்பவரின் இந்திய வருமானத்துக்கான கணக்கு) ஆக மாற்றுங்கள்: வாடகை, டிவிடெண்ட், பென்ஷன் அதில் வரட்டும். அங்கே சம்பாதித்ததை அனுப்ப என்.ஆர்.இ. கணக்கு தனியாக. என்.ஆர்.இ. வட்டிக்கு இங்கே வரி இல்லை, என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிப்பார்கள். வரி பிடிக்காதீர்கள் என்று எழுதிக்கொடுக்கும் 15ஜி, 15எச் வகைப் படிவம் இனி உங்களுக்குப் பொருந்தாது, பழக்கதோஷத்தில் கொடுத்துவிடாதீர்கள்.

கணக்கு மாறும்போது பலரும் கவனிக்காதது, அதிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்த தவணைகள். வீட்டுக்கடன் இ.எம்.ஐ., எல்.ஐ.சி. பிரீமியம், எஸ்.ஐ.பி. எல்லாவற்றின் ஒப்புதலும் அறுந்துபோகலாம். ஒரு பட்டியல் போட்டு ஒவ்வொன்றையும் புதுப்பியுங்கள். மியூச்சுவல் ஃபண்டிலும் டீமேட்டிலும் கே.ஒய்.சி. நிலையை மாற்றுங்கள். அமெரிக்கா, கனடா போகிறவர்களிடம் புதுப் பணம் வாங்காத ஃபண்டுகள் உண்டு, முன்பே கேட்டுவிடுங்கள். பி.பி.எஃப். கணக்கை 15 ஆண்டு முடியும் வரை தொடரலாம், நீட்டிக்க முடியாது, புதிதாகத் தொடங்கவும் முடியாது.

பி.எஃப்., பென்ஷன்

இரண்டும் ஒரே கணக்கென்று நினைத்துக்கொண்டு ஒரேயடியாக எடுத்துவிடுகிறார்கள். பி.எஃப். சேமிப்பு; இ.பி.எஸ். ஓய்வூதியம். இரண்டாவதை யோசித்துத் தொட வேண்டும்.

சேவை 10 ஆண்டு ஆகியிருந்தால் இ.பி.எஸ். பணத்தை எடுக்கவே முடியாது. 58 வயதில் மாத ஓய்வூதியம், 50-இலிருந்து குறைத்து வாங்கலாம். ஒன்பதரை ஆண்டு ஆகியிருந்தாலே 10 என்று எடுத்துக்கொள்வார்கள், ஆகவே இரண்டு மாதம் குறையும் நிலையில் ராஜினாமா தேதியைத் தள்ளிப்போட முடியுமா பாருங்கள். 10-க்குக் குறைவென்றால் படிவம் 10சி-யில் இரண்டு வழி: பணமாக வாங்குவது, அல்லது இதுவரையிலான சேவையைப் பதிந்துவைக்கும் திட்டச் சான்றிதழ். 7, 8 ஆண்டு வேலை பார்த்து, திரும்பி வரும் எண்ணமும் உள்ளவர்கள் சான்றிதழை வாங்குங்கள். பிறகு இங்கே வேலை பார்க்கும் ஆண்டுகள் அதோடு சேரும். கணக்கும் எளிது: ஓய்வூதியச் சம்பளம் பெருக்கல் சேவை ஆண்டு, வகுத்தல் 70. உச்சவரம்பான 15,000-க்கு 10 ஆண்டென்றால் மாதம் சுமார் 2,143 ரூபாய். பெரிய தொகை இல்லை, ஆனால் உயிருள்ள வரை வருவது, உங்களுக்குப் பின் துணைவருக்கும் வருவது.

பி.எஃப். பணத்தை எடுப்பதென்றால் தொடர் சேவை 5 ஆண்டைத் தாண்டியிருக்கிறதா பாருங்கள். தாண்டாவிட்டால் வரி. பழைய கம்பெனிகளின் கணக்கை இப்போதைய யூ.ஏ.என்.-இல் சேர்த்துவிட்டால் எல்லாம் சேர்ந்து எண்ணப்படும். எடுக்காமல் விட்டால் வட்டி வரும், ஆனால் வேலை விட்ட பிறகு வரும் வட்டிக்கு வரி உண்டு. நிரந்தரமாக வெளிநாடு குடிபெயர்ந்து 36 மாதத்துக்குள் கேட்காத கணக்கு செயலற்றதாகி, வட்டியும் நிற்கும்.

போர்ட்டலில் வேலைவிட்ட தேதியைக் கம்பெனி பதியாதவரை க்ளெயிம் போகாது. கடைசிச் சந்தா வந்து 2 மாதம் கழித்து நீங்களே ஆதார் ஓ.டி.பி. வழியாகப் பதியலாம். இ-நாமினேஷனையும் (ஆன்லைனில் வாரிசுதாரரைப் பதிவது) இப்போதே முடியுங்கள்.

இந்தியக் கம்பெனியே உங்களை அனுப்புகிறது என்றால், ஜெர்மனி, ஜப்பான், ஆஸ்திரேலியா, கனடா போல இந்தியாவோடு சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தமுள்ள நாடாயின் பி.எஃப். அமைப்பிலிருந்து கவரேஜ் சான்றிதழ் வாங்கச் சொல்லுங்கள். அங்கே ஓய்வூதியச் சந்தா பிடிக்க மாட்டார்கள். அமெரிக்காவோடு ஒப்பந்தம் இல்லை. அமீரகத்தில் நமக்கு ஓய்வூதியம் கிடையாது, பணி முடிவில் கிராஜுவிட்டிதான்: முதல் 5 ஆண்டுக்கு ஆண்டுக்கு 21 நாள், பிறகு 30 நாள் அடிப்படைச் சம்பளம். கையெழுத்துப் போடுமுன் மொத்தச் சம்பளத்தில் அடிப்படை எவ்வளவு என்று பாருங்கள். அலவன்ஸாகப் பிரித்துவைத்தால் கிராஜுவிட்டி சுருங்கும்.

சிம் கார்டு

மேலே சொன்ன பாதிக்கும் மேற்பட்டவை ஓ.டி.பி.-யில் நிற்கின்றன. வங்கிக்கு வெளிநாட்டு எண் கொடுக்கலாம். ஆதார் ஓ.டி.பி. இந்திய எண்ணுக்குத்தான் வரும். அந்த எண்ணில் இன்டர்நேஷனல் ரோமிங்கை இங்கிருக்கும்போதே இயக்கிவையுங்கள், உள்வரும் எஸ்.எம்.எஸ்.-க்குக் கட்டணம் இல்லை. ரீசார்ஜ் விட்டுப்போய் 90 நாள் பயன்பாடில்லாமல் கிடந்தால் எண் துண்டிக்கப்பட்டு வேறொருவருக்குப் போய்விடலாம். ஆதாரோடு இணைந்திருப்பது அப்பாவின் எண்ணாகவோ என்றோ விட்ட பழைய எண்ணாகவோ இருந்தால் ஆதார் மையத்தில் இந்த வாரமே மாற்றுங்கள். வருமான வரித் தளத்தில் நிலையை வெளிநாடுவாழ் இந்தியர் என்று மாற்றுவதும் இதே எண்ணால்தான். அடுத்த ஜூலையில் வருமான வரிக் கணக்குக்கு ஐ.டி.ஆர்.-1 படிவம் வேண்டாம், அது உங்களுக்கு இல்லை, ஐ.டி.ஆர்.-2 தாக்கல் செய்து 30 நாளுக்குள் ஓ.டி.பி.-யால் சரிபார்க்க வேண்டும்.