சித்திரை வெயிலில் கேக் கிரீம் வழியாமல் இருக்க

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் சித்திரை வெயிலில் கேக்குக்கு கிரீம் தடவுவது பெரும்பாடு. வெண்ணெய் 32–35 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் கோடையில் பட்டர்கிரீம் வேண்டாம். நான்-டெய்ரி விப்பிங் கிரீம் (தாவரக் கொழுப்பில் செய்த, அடித்தால் நுரைத்துக் கெட்டியாகும் கிரீம்) ஓரளவு தாங்கும். உறைந்த கிரீமை முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். பாத்திரம், பீட்டர் கம்பி இரண்டையும் குளிரவைத்து, ஐஸ் தண்ணீர் ஊற்றிய அகலச் சட்டிக்குள் பாத்திரத்தை வைத்து அடியுங்கள். பீட்டரைத் தூக்கினால் கிரீமின் முனை வளையாமல் நிற்கும். அங்கேயே நிறுத்திவிடுங்கள், மேலும் அடித்தால் திரிதிரியாகிவிடும்.

கேக் மேலே ஆறியிருந்தாலும் நடுவில் சூடு இருக்கும், பொறுங்கள். முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு, அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ், அப்புறம் அலங்காரம். கிரீமைப் பிழிந்து அலங்கரிக்கும் பைப்பிங் பையில் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். உள்ளங்கைச் சூடே கிரீமை இளக்கிவிடும். கரண்ட் கட் அறிவித்த நாளில் மட்டும் இந்த வேலையே வேண்டாம்.