ஞானாம்பாள் அரசாளும்போது அவள் புருஷனையும் கவனியுங்கள்

பிரதாப முதலியார் சரித்திரம் நாவலில் ஆண்மை பற்றிக் கட்டுரை எழுத உட்காருகிறவர்கள் நேராக ஒரே இடத்துக்குத்தான் போகிறார்கள். கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேடத்தில் இருக்கிறாள், அரசனைத் தேர்ந்தெடுக்க விட்ட யானை அவளுக்கு மாலை போடுகிறது, விக்கிரமபுரி என்ற நாட்டுக்கு அரசனாகிவிடுகிறாள். 1879-ல் வெளிவந்த, தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் புத்தகத்தில் இப்படியொரு பெண் இருப்பது பெரிய விஷயம்தான். ஆனாலும் முதல் வாசிப்பில் அவளை விட்டுவிட்டு அவள் புருஷன் பிரதாபன் பின்னால் போங்கள்.

கதையைச் சொல்வதே அவன்தான். அதனால் கையில் பென்சில் வைத்துக்கொண்டு, அவனுக்காக இன்னொருவர் எதையாவது செய்யும் இடத்திலெல்லாம் கோடு போடுங்கள். சிறுவயதில் அவன் படிக்காததற்கு வாத்தியார் மகன் கனகசபை அடி வாங்குகிறான், பெரியவனானபின் விக்கிரமபுரியில் சிறையில் கிடக்கும்போது மீட்பது மனைவி, இதையெல்லாம் அவனே மறைக்காமல் நம்மிடம் சொல்கிறான். மனைவியால் பிழைத்தேன் என்று சொல்வதில் அவனுக்குக் கூச்சமே இல்லை. எனக்கு இந்த நாவலில் மிகப் புதுமையாகப் படுவது இதுதான், அரியணைகூட அப்புறம்தான்.

சரி, இரண்டாவது வாசிப்பில் ஞானாம்பாளிடம் வாருங்கள். எங்கள் சேலத்தில் குகை, அம்மாபேட்டைப் பக்கம் தறி வீடுகளில் நெய்கிற ஆணை நெசவாளி என்பார்கள், விடிந்ததிலிருந்து ராட்டையில் தறிக்கான நூலைச் சுற்றித் தருகிற பெண்ணைக் கேட்டால் 'வீட்டுலதான் இருக்காங்க' என்பார்கள். அந்தக் கண்ணோடு படியுங்கள். அரசு நடத்தும் அறிவு அவளிடம் முன்பே இருந்தது, ஊர் அதை ஒத்துக்கொள்ள ஆண் உடை தேவைப்பட்டது. அறிவு தெரிகிற இடம், அதற்குப் பெயர் கிடைக்கிற இடம், இரண்டையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

எழுதிய வேதநாயகம் பிள்ளை மாயூரத்தில் (இன்றைய மயிலாடுதுறை) முன்சீப்பாக, அதாவது நீதிபதியாக இருந்தவர், பெண் கல்விக்காகப் பெண்மதி மாலை என்ற நூலை எழுதியவர். இந்தப் பின்னணி போதும், இதற்கு மேல் அவர் வாழ்க்கைக்குள் போனால் கட்டுரை நாவலை விட்டு நழுவிவிடும்.

கடைசியில் அவள் அரசைத் துறந்து வீடு திரும்புவதைப் பிற்போக்கு என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள், அந்தக் காலம் அப்படி என்று மன்னித்தும் விடாதீர்கள். சேலம் அஸ்தம்பட்டியில் நாங்கள் நாலைந்து பேர் கூடிப் படித்தபோது ஞானாம்பாள் பேச்சை ஆண்களும் பிரதாபன் பேச்சைப் பெண்களும் வாய்விட்டு வாசித்தோம். தறி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் ஞானாம்பாளாக வாசித்துவிட்டு, 'திரும்பி வந்தப்புறம் அந்த வீட்டுல வழக்குன்னா யாரு தீர்ப்பு சொன்னாங்க?' என்று கேட்டார். உங்கள் கட்டுரையை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.