காந்தப்புலம் வளர்கிறதா, வளர்வதுபோல் தெரிகிறதா? டைனமோ சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்மீன் மண்டலக் கொத்துகளின் கொந்தளிக்கும் பிளாஸ்மாவில் மைக்ரோகாஸ் அளவுக் காந்தப்புலம் எப்படி வளர்ந்தது என்று ஆராயும் மாணவர் ஒருவர், காந்த ஆற்றல் விறுவிறுவென ஏறும் வரைபடத்தை அண்மையில் என்னிடம் காட்டினார். ஓட்டத்தின் ஆற்றலைக் கொண்டு காந்தப்புலம் தானே வளர்ந்து நிலைத்திருப்பதைத்தான் டைனமோ என்கிறோம். பத்தாண்டுகளுக்கு முன் நானும் அப்படியொரு வரைபடத்தை என் நெறியாளரிடம் பெருமிதத்தோடு நீட்டியவன்தான். அலகுக் குழப்பம் போன்ற பிழைகளை அவரவரே கண்டுகொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரு பரிமாணத்தில் டைனமோவைத் தேடுவது

கணினி நேரத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சிமுலேஷனை இரு பரிமாணத்தில் ஓட்டினேன். புலம் வளர்ந்தது, கருத்தரங்குக்குச் சுருக்கமும் அனுப்பிவிட்டேன். பிறகு ஓட்டத்தை நீட்டித்தபோது, புலம் உச்சத்தைத் தொட்டுச் சரிந்து மறைந்தே போனது. இரு பரிமாண ஓட்டத்தில் டைனமோ இயங்காது என்று இயற்பியலாளர் செல்தோவிச் 1950களிலேயே நிறுவிய முடிவை, மூன்று மாதக் கணினி நேரத்தைக் கரைத்து நான் மறுபடியும் கண்டுபிடித்திருந்தேன்.

காந்தப்புலத்தைக் கணக்கிட உதவும் வெக்டர் பொட்டன்ஷியலின் தளத்துக்குச் செங்குத்தான கூறு, நீரில் விட்ட சாயம்போல ஓட்டத்தோடு அடித்துச் செல்லப்படுகிறதே தவிர, அதைப் பெருக்கும் உறுப்பு எதுவும் சமன்பாட்டில் இல்லை. மின்தடைமையோ அதைக் கரைக்க மட்டுமே செய்கிறது. சுழல்கள் சாயத்தை மெல்லிய கோடுகளாக இழுக்கும்போது அதன் சரிவு கூர்மையடைகிறது. அந்தச் சரிவுதான் காந்தப்புலம் என்பதால், புலம் சிறிது காலம் வளரவே செய்யும். கோடுகள் மின்தடைமை செயல்படும் அளவுக்கு மெலிந்ததும் எல்லாம் கரைந்துவிடும். முப்பரிமாணத்தில் ஒரு புலவளையத்தை இரு மடங்கு நீட்டி, எட்டு வடிவில் முறுக்கி மடித்தால், இரு மடிப்புகளிலும் புலம் ஒரே திசையில் அமைந்து இரட்டிக்கும். தளத்தில் முறுக்க இடமில்லை. மடித்தால் எதிரெதிர்ப் புலங்கள் அருகருகே வந்து ஒன்றையொன்று அழிக்கும்.

ஓட்டம் இரு ஆயங்களை மட்டுமே சார்ந்திருந்தாலும், அதற்கு மூன்று கூறுகளும் இருந்து, புலம் மூன்றாம் ஆயத்தையும் சார அனுமதித்தால் டைனமோ உண்டாகலாம் என்று ஜி. ஓ. ராபர்ட்ஸ் 1972இல் காட்டியிருக்கிறார். ஆனால் இந்த விலக்கைத் தெரிந்து பயன்படுத்துபவர்களைவிட, தெரியாமல் சாக்காகச் சொல்பவர்களையே நான் அதிகம் சந்திக்கிறேன். பக்கத்துக்கு 128 புள்ளிகள் கொண்ட சிறிய முப்பரிமாணப் பெட்டியே இதைவிட மேலானது.

பின்னணிப் புலத்தை வைத்துக்கொண்டு டைனமோ என்பது

வெளியிலிருந்து நாமே கொடுத்த புலத்தை ஓட்டம் இழுத்துப் பெருக்கிக்காட்டினால், அது டைனமோ அன்று.

ஹெலிசிட்டி இல்லையே என்று கைவிடுவது

ஹெலிசிட்டி என்பது ஓட்டம் திருகுபோல ஒரு பக்கமாகச் சுழலும் தன்மை. சுழல்களைவிடச் சிறிய அளவில் புலத்தை வளர்க்கும் சிற்றளவு டைனமோவுக்கு அது தேவையில்லை. அது இல்லாமலே புலம் வளர்வதைக் காட்டும் கசன்செவின் 1968ஆம் ஆண்டு மாதிரியைப் பாருங்கள்.

மின்தடைமையைப் பூச்சியமாக்குவது

நீங்கள் கொடுக்காவிட்டால் கணிப்பு வலையே ஒரு மின்தடைமையைக் கொடுத்துவிடும். ஓட்டம் புலத்தை இழுப்பதற்கும் மின்தடைமை அதைக் கரைப்பதற்கும் உள்ள விகிதமான காந்த ரெனால்ட்ஸ் எண் எவ்வளவு என்று உங்களால் சொல்ல முடியாது. வலையை நுணுக்கமாக்கும்போதெல்லாம் வளர்ச்சி வீதமும் மாறிக்கொண்டே இருக்கும்.