பரோக் கலையும் இசையும்: பலரும் சறுக்குகிற இடங்கள்

ஐரோப்பாவில் ஒரு காலத்துக் கலைக்கும் இசைக்கும் வைத்த பரோக் என்ற பெயரே ஒரு வசவுதான். கோணல்மாணலாக விளைந்த முத்தைக் குறிக்கிற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஒரு இசையையோ கட்டடத்தையோ அப்படிச் சொன்னால், அளவு தெரியாமல் கிறுக்குத்தனமாகச் செய்திருக்கிறான் என்று அர்த்தம். ஓவியர் கரவாஜ்ஜோவுக்கோ இசையமைப்பாளர் பாஹுக்கோ தாங்கள் 'பரோக்' என்பது தெரியவே தெரியாது, பின்னால் வந்தவர்கள் ஒட்டிய லேபிள் அது. இந்தக் காலத்துக் கலைக்குள் புதிதாக நுழைபவர்கள் செய்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இப்படிப் பின்னால் ஒட்டிய லேபிளை நம்புவதால் வருபவைதான், நானே அநேகமாக எல்லாவற்றையும் செய்திருக்கிறேன்.

முதலில் காலக்கணக்கு. வெள்ளை விக் வைத்தவரெல்லாம் பரோக் இல்லை. தோராயமாக 1600 முதல் 1750 வரை என்பார்கள். பாஹ் இறந்த வருடம் 1750, மொஸார்ட் பிறந்தது 1756. ஆக மொஸார்ட்டை 'பரோக் பிளேலிஸ்ட்'டில் பார்த்தால் சத்தம் போடாமல் நீக்கிவிடுங்கள். ஆனால் 1750ஐ வேலி மாதிரியும் நினைக்க வேண்டாம், பரோக் இசையமைப்பாளர் ஹேண்டல் 1759 வரை இருந்தார்.

அடுத்து, தங்க முலாமும் குண்டுக் குழந்தைத் தேவதைகளும் இருந்தால்தான் பரோக் என்ற எண்ணம். ரோம் நகரத் தேவாலயக் கூரைகளையும் வெர்சாய் அரண்மனையையும் மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். அதே ரோமில் கரவாஜ்ஜோ, மாதாவின் முன் மண்டியிட்ட யாத்ரிகர்களின் அழுக்குப் பாதங்களைப் பார்ப்பவர் முகத்துக்கு நேராகத் தெரியும்படி வரைந்திருக்கிறார். ஹாலந்தில் சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகள் கோயிலுக்குள் படமே வேண்டாம் என்றதால், ஓவியர்கள் வியாபாரிகளின் வீட்டுச் சுவருக்காக வரைந்தார்கள். வெர்மீரின் பால் ஊற்றுகிற பெண்ணிடம் ஒரு குன்றிமணித் தங்கம் கிடையாது. அதுவும் இந்தக் காலம்தான்.

நான் அதிகம் வருத்தப்படுவது போன் திரையில் வெட்டிப் பார்க்கிற பழக்கத்தைப் பற்றி. பெர்னினியின் புனித தெரேசா சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் படங்களிலும் அந்த முகமும் அம்பு பிடித்த தேவதையும் மட்டும்தான் இருக்கும். ரோமில் சாந்தா மரியா தெல்லா வித்தோரியா தேவாலயத்தில் அந்தச் சிலைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு ஜன்னல் இருக்கிறது, அதிலிருந்து வருகிற நிஜ வெளிச்சம் முலாம் பூசிய உலோகக் கதிர்களில் வழிந்து சிலைமேல் விழும். இரண்டு பக்கச் சுவர்களிலும், செலவு செய்த கொர்னாரோ குடும்பத்து ஆட்கள் நாடகம் பார்க்க பால்கனியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி சாய்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள், கல்லில்தான். இவர்களை வெட்டிவிட்டால் அது வெறும் சிலை. கரவாஜ்ஜோ மத்தேயுவை இயேசு அழைக்கிற காட்சியை வரைந்தபோதும் இதே கதைதான்: படத்துக்குள் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வருகிறது, அந்தச் சிற்றாலயத்தின் உண்மையான ஜன்னலும் அந்தப் பக்கம்தான். நேரில் போக முடியாதவர்கள் (நானும்தான்) குறைந்தபட்சம் முழு இடத்தையும் காட்டுகிற படத்தையாவது தேடிப் பார்க்கலாம்.

ரெம்ப்ராண்டின் 'இரவுக் காவல்' படத்தில் தவறு தலைப்பிலேயே தொடங்குகிறது. 1642இல் வரைந்த அந்தப் படத்தில் நடப்பது இரவில்லை. மேலே பூசிய வார்னிஷ் கறுத்து, அழுக்கும் ஏறி, 18ஆம் நூற்றாண்டில் யாரோ இரவு என்று நினைத்துப் பெயர் வைத்தார்கள், 1940களில் சுத்தம் செய்தபோது பகல் வெளிச்சம் வெளியே வந்தது, பெயர் மட்டும் போகவில்லை. ஆம்ஸ்டர்டாம் ஊர்க்காவல் படை ஒன்று கிளம்புகிற பரபரப்பு, அவ்வளவுதான். இன்னொன்று: நாம் பார்ப்பது முழுப்படமும் இல்லை. 1715இல் நகர மன்றக் கட்டடத்துச் சுவரில் இடம் போதவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டிவிட்டார்கள், இடப்பக்கம் அதிகம், அதில் இரண்டு ஆட்களே போய்விட்டார்கள். கேப்டன் இப்போது படத்தின் நடுவில் நிற்பது கத்திரி செய்த வேலை. "காசு கொடுத்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள், அதோடு ரெம்ப்ராண்ட் திவால்" என்று உருக்கமாகச் சொல்லப்படும் கதையையும் நம்ப வேண்டாம். அவர் நொடித்தது 1656இல், அதற்கு 1639இல் கடனில் வாங்கிய பெரிய வீடு முக்கியக் காரணம். கடனில் வீடு வாங்கியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கி என்ற பெண் ஓவியர் பற்றி ஒரு வார்த்தை. அவர் பதினேழு பதினெட்டு வயதில் அனுபவித்த பாலியல் கொடுமையும் 1612இல் நடந்த வழக்கும் உண்மை. அதற்காக அவர் வரைந்த ஒவ்வொரு யூதித்தையும் (எதிரித் தளபதியின் தலையை வெட்டுகிற பழைய கதைப் பெண்) அந்த வழக்கின் சாட்சியமாகவே படிப்பது அவருடைய தொழில்திறமையைத் தட்டிப் பறிப்பது. 1616இல் ஃப்ளாரன்ஸ் ஓவியர் அகாதெமியில் உறுப்பினரான முதல் பெண் அவர்.

சரி, இசைக்கு வருவோம். சோகமான பரோக் இசை என்று எல்லோரும் பகிர்கிற 'அல்பினோனியின் அடாஜியோ' அல்பினோனி எழுதியது இல்லை. 1958இல் வெளியிட்டது ரேமோ ஜியாசோட்டோ என்கிற இத்தாலிய ஆய்வாளர். பழைய கையெழுத்துத் துண்டு கிடைத்தது என்றார், இசை அவருடையதுதான். எனக்கு இது தெரிய வருவதற்குள் நான்கைந்து பேரிடம் 300 வருடப் பழமை என்று பீற்றியிருந்தேன். கேட்கக் கூடாது என்றில்லை, கல்யாண வீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு காதுகுத்துக்குப் போய்விடக் கூடாது, அதற்காகச் சொல்கிறேன்.

விவால்டியின் 'நான்கு பருவங்கள்' லிஃப்டிலும் விளம்பரத்திலும் கேட்டுத் தேய்ந்துபோனது. 1725இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சானபோது ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கவிதை கூடவே வந்தது, அதை விட்டுவிட்டுக் கேட்பதுதான் தவறு. வசந்தத்தின் நடுப்பகுதியில் ஆடு மேய்ப்பவன் தூங்குகிறான், வயலின்கள் இலை சலசலப்பு, இதற்கிடையில் வியோலா (வயலினைவிடக் கொஞ்சம் பெரியது) மட்டும் இரண்டு இரண்டு ஸ்வரமாக முரட்டுத்தனமாகத் தட்டிக்கொண்டே இருக்கும். ஸ்வரத்தாளில் விவால்டி அதற்கு எழுதியிருப்பது: குரைக்கிற நாய். எப்போதும் ரொம்பச் சத்தமாக வாசிக்க வேண்டும் என்றும் குறிப்பு. நாயை நாசூக்காக வாசிக்கிற ஒலிப்பதிவுகள் நிறைய உண்டு, நாய் குரைக்கிற ஒலிப்பதிவாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், திரும்ப வருகிற பகுதியைத் தள்ளிவிட்டுப் போவது. அந்தக் காலத்து ஆபராப் பாட்டு பெரும்பாலும் முதல் பகுதி, வேறு மாதிரி ஒரு நடுப்பகுதி, மறுபடி முதல் பகுதி என்று போகும். மூன்றாவது வெறும் நகல் இல்லை; பாடுபவர் தன் கற்பனையால் அலங்கரித்துக் காட்ட வேண்டிய இடம் அது, ரசிகர்கள் காத்திருந்ததே அதற்குத்தான். எழுதியதை எழுதியபடி பாடினால் பாதி வேலைதான் ஆகியிருக்கிறது. ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைக்கருவி) வாசிப்பவருக்குக்கூட இடக்கை வரியும் மேலே சில எண்களும்தான் தாளில் இருக்கும், மீதியை அவரே நிரப்ப வேண்டும்.

இயேசுவைப் பற்றி ஹேண்டல் எழுதிய 'மெசையா' கிறிஸ்துமஸ் இசை என்பதும் பின்னால் வந்த பழக்கம். முதலில் பாடியது டப்ளினில், 1742 ஏப்ரல் 13, ஈஸ்டரை ஒட்டி. கூட்டம் தாங்காது என்று பெண்கள் வளையம் வைத்த பாவாடையும் ஆண்கள் வாளும் இல்லாமல் வரும்படி கேட்டுக்கொண்டார்கள். மூன்று பாகங்களில் முதலாவதில்தான் இயேசுவின் பிறப்பு, அல்லேலூயா வருவதோ இரண்டாவதின் முடிவில். அதைக் கேட்டு ராஜா எழுந்து நின்றார் என்ற கதைக்கு அந்தக் காலத்து ஆதாரம் கிடையாது.

கடைசியாக பாஹ். அவரை ஆரம்பத்திலேயே மலையாக நினைத்துப் பயந்து, இயேசுவின் பாடுகளைச் சொல்கிற இரண்டே முக்கால் மணி நேர 'மத்தேயு பாஷன்' போட்டு, பாதியில் தூங்கிவிட்டு, நமக்கு வராது என்று விட்டவர்களை எனக்குத் தெரியும். லைப்சிக்காரர்கள் அவரை மலையாக நினைக்கவில்லை: 1722-23இல் தேவாலய இசைப் பொறுப்புக்கு நகர மன்றம் முதலில் விரும்பியது டெலிமான் என்ற இசையமைப்பாளரை, அடுத்து கிரவுப்னர் என்பவரை. இருவரும் கிடைக்காமல்தான் பாஹிடம் வந்தார்கள். வேலை என்னவென்றால் வாராவாரம் ஞாயிறு ஆராதனைக்கு ஒரு கான்டாட்டா (பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்த தேவாலய இசை), அரை மணிக்குள் முடிவது. அதில் ஒன்றை எடுங்கள், 140ஆம் எண், 1731இல் எழுதியது. பைபிளில் வருகிற பத்துக் கன்னிகைகளின் உவமைதான் கதை. வரிகளின் அர்த்தத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பகுதியில் ஆத்மா சோப்ரானோ என்கிற உச்சக் குரலில் "எப்போது வருவாய்" என்று கேட்டுக்கொண்டே இருக்கும், கீழேயிருந்து இயேசுவாக ஒரு கனத்த குரல் "வருகிறேன்" என்னும், சின்ன வயலின் ஒன்று இரண்டுக்கும் நடுவில் நிற்காமல் சுற்றிச் சுற்றி வரும்.