நிலாவெளி புறாமலைத்தீவில் சுழியோடப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டிலிருந்து ஊர் வருகிறவர்கள் விமானச்சீட்டு எடுக்குமுன் மாதத்தைப் பாருங்கள். திருகோணமலைக் கரையில் மே தொடங்கி செப்டம்பர் முடியும் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், நீரும் தெளியும். ஒக்டோபரில் இடைப்பருவ மழை தொடங்கும். அதைத் தொடர்ந்து வரும் வடகீழ்ப் பருவப்பெயர்ச்சியில் நவம்பர் முதல் ஜனவரி வரை அலை உயர்ந்து, மழைவெள்ளம் கடலில் கலந்து, கைநீட்டினால் விரல் தெரியாத அளவுக்கு நீர் கலங்கும். நத்தார் விடுமுறைக்கு ஊர் வருகிறவர்களில் பலர் இது தெரியாமல் நிலாவெளியில் அறை எடுத்துவிட்டு, தீவைக் கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். டிசம்பரில்தான் வரமுடியும் என்றால் சுழியோடுவதற்கு ஹிக்கடுவ, உனவட்டுன பக்கம் போங்கள். தென்மேற்குக் கரைக்கு அதுவே பருவம்.

ஜூலை, ஓகஸ்ட் பாடசாலை விடுமுறைக்கு வருகிற குடும்பங்களுக்கு நேரம் நன்றாகப் பொருந்தும். நல்லூர்த் திருவிழா நடக்கிற 25 நாட்களும் கிழக்குக் கடலின் நல்ல நாட்களுக்குள்தான் விழுகின்றன. இடையில் மூன்று நாட்களை ஒதுக்கினால் போதும். போயா (பௌர்ணமி) விடுமுறையையும் சனி, ஞாயிறையும் மட்டும் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் தீவின் சிறு கடற்கரையில் கால்வைக்க இடமிருக்காது, ஆட்கள் உழக்கிய மணலில் நீரும் கலங்கிவிடும்.

இந்தப் பருவத்தில் வீசுவது கச்சான் காற்று. அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் அலை எழும்பாமல் கடல் தட்டையாகக் கிடக்கும். ஆபத்தும் அந்த அமைதியிலேயே இருக்கிறது. மிதப்பவரையும் காற்றடைத்த மிதவைகளையும் கச்சான் ஆழ்கடல் பக்கம் தள்ளிக்கொண்டே போகும். நீரில் முகம் புதைத்து மீன் பார்த்துக்கொண்டிருக்கிறவருக்கு இது தெரியாது. காலையில் காற்று மெலிவாக இருக்கும், பகல் ஏற ஏற வலுக்கும். ஆகவே முதற் படகில் போய் மதியத்துக்குள் திரும்புவதுதான் சரி.

பயணத்தில் கடலை எங்கே வைப்பது

கடலைப் பயணத்தின் கடைசி நாட்களுக்கு வைக்காதீர்கள். சிலிண்டரோடு இறங்கி நீரின் அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைதரசன் உடற்திசுக்களில் கரைகிறது. மேலே வந்தபின் அது மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால் வெளியழுத்தம் குறைந்து, மிச்ச வாயு குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கலாம். ஒரே ஒரு முறை சுழியோடியிருந்தால் குறைந்தது 12 மணி நேரமும், ஒரே நாளில் பலமுறை அல்லது தொடர்ந்து பல நாட்கள் சுழியோடியிருந்தால் குறைந்தது 18 மணி நேரமும் விடவேண்டும். 24 மணி நேரம் விடுவது நல்லது. ஒரு கணக்குப் பாருங்கள்: கட்டுநாயக்காவில் ஞாயிறு அதிகாலை 2 மணிக்கு விமானம் என்றால் 18 மணி நேரம் சனி காலை 8 மணியிலிருந்து தொடங்குகிறது. அப்படியென்றால் உங்கள் கடைசிக் கடல் நாள் வெள்ளி. சீனன்குடாவிலிருந்து கொழும்புக்குப் பறக்கும் சிறு விமானத்துக்கும் இதே விதிதான்.

பலர் மறப்பது மலையை. திருகோணமலையிலிருந்து நேரே நுவரெலியாவுக்கு வாகனம் பிடிக்கிற குடும்பங்கள் உண்டு. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். காலையில் சுழியோடிவிட்டு மாலையில் அங்கே ஏறுவதும் உடலுக்கு ஒரு விமானப் பயணம் மாதிரித்தான். மலைநாட்டை முதலில் பார்த்துவிட்டுக் கடலுக்கு இறங்குங்கள். வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாக யாழ்ப்பாணம் போவதற்கும், ஹபரணை வழியாகக் கொழும்பு போவதற்கும் இந்தத் தடை இல்லை, இரண்டும் தாழ்நிலப் பாதைகள்.

புறப்படுமுன் வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

சுழியோட்ட நிலையங்கள் ஒரு மருத்துவக் கேள்விப் படிவம் தரும். இழுப்பு, வலிப்பு, இதயநோய், காதுச் சத்திரசிகிச்சை, நீரிழிவு போன்றவை அதில் இருக்கும். 45 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைத்தல் பற்றியும் கேட்பார்கள். ஏதாவது ஒன்றுக்கு ‘ஆம்’ என்றால் மருத்துவரின் கையொப்பம் வேண்டும். எங்கள் ஆட்களில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ‘சுகரும் பிரஷரும்’ சாதாரணம் என்பதால் இதில் பலர் மாட்டுவார்கள். படிவத்தை முன்கூட்டியே இறக்கி, உங்கள் நோய் வரலாறு தெரிந்த குடும்ப வைத்தியரிடமே கையொப்பம் வாங்கி வாருங்கள். நிலாவெளிக் கரையில் நின்றுகொண்டு எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதுவது உயிரோடு விளையாடுவது. காப்புறுதியும் அதைக் காரணம் காட்டிக் கைவிடும்.

பயணக் காப்புறுதிகளில் பல சுழியோட்டத்தை முற்றாக விலக்கியிருக்கும், அல்லது 18 மீற்றர், 30 மீற்றர் என்று ஆழ எல்லை வைத்திருக்கும். அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு, தேவையென்றால் சுழியோடிகளுக்கென்றே உள்ள காப்புறுதியைச் சேர்த்து எடுங்கள்.

பயிற்சி இல்லாதவர்களுக்கு ஒருநாள் அறிமுகச் சுழியோட்டம் உண்டு. ‘பாடி’ (PADI) என்ற சுழியோட்டப் பயிற்சி அமைப்பின் விதிப்படி வயது 10 நிறைந்திருக்க வேண்டும், ஆழம் 12 மீற்றருக்கு மேல் போகக்கூடாது. முறையான ‘ஓப்பன் வோட்டர்’ பயிற்சிக்கு மூன்று, நான்கு நாட்கள் ஆகும். 200 மீற்றர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும். முடித்தவர் 18 மீற்றர் வரை போகலாம். பாடப்பகுதியை இணையத்தில் வீட்டிலேயே படித்து முடித்துவிட்டு வந்தால், ஊரில் செலவழிக்கும் நாள் முழுவதும் நீரிலேயே கழியும்.

கண்ணாடி அணிகிறவர்கள் பவர் போட்ட மாஸ்க்கை இங்கிருந்தே வாங்கிப் போங்கள், அங்கே வாடகைக்குக் கிடைப்பது அரிது. புது மாஸ்க்கின் உட்புறத்தைப் பற்பசையால் பலமுறை தேய்த்துக் கழுவாவிட்டால் நீருக்குள் ஆவி படிந்துகொண்டே இருக்கும். மீசை வைத்தவர்களுக்கு மேலுதட்டுப் பக்கமாக நீர் கசியும். மூக்கின் கீழ் ஒரு நூலளவு மழித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகும். பெரிய மூக்குத்தியும் ரப்பர் விளிம்பை உயர்த்தும். தாலிக்கொடியைக் கழற்ற விரும்பாதவர்கள் அதை உடைக்குள் விட்டுச் சிப்பை மேலே வரை மூடுங்கள், வெளியே கிடந்தால் நெஞ்சுப்பட்டியில் சிக்கும்.

மலேரியா மாத்திரை எடுக்கத் தேவையில்லை. இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்துவிட்டது. மெஃப்லோக்குயின் வகை மாத்திரை சுழியோடுகிறவர்களுக்கு ஆகவும் ஆகாது, அதன் பக்கவிளைவான தலைச்சுற்று நீரடியில் வந்தால் ஆபத்து. டெங்கு உண்டு, நுளம்புத் தைலம் கொண்டுபோங்கள்.

தீவுக்குப் போவது

நிலாவெளி, திருகோணமலை நகரிலிருந்து புல்மோட்டை வீதியில் வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீற்றர். தீவு கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் இருக்கிறது. மாடப்புறாக்கள் தங்கும் பாறைகளால் வந்த பெயர் இது, ஊரவர் சுருக்கமாகப் புறாமலை என்பார்கள். 1963இல் சரணாலயமாகவும் 2003இல் கடல்சார் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. 471 ஹெக்டயர் பரப்பில் பெரும்பகுதி கடல்தான். பொறுப்பு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துடையது.

செலவு இரண்டாகப் பிரியும். திணைக்களத்தின் நுழைவுச்சீட்டு ஆளுக்கு இவ்வளவு என்றும், அதன்மேல் சேவைக் கட்டணமும் பெறுமதி சேர் வரியும் என்றும் வரும். படகுக் கூலி படகுக்கு இவ்வளவு என்று தனி. வெளிநாட்டவருக்கும் உள்ளூரவருக்கும் நுழைவுச்சீட்டின் விலையில் பெரிய வேறுபாடு உண்டு. அங்கே பிறந்திருந்தாலும், தமிழ் பேசினாலும், கையில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டும் என்றால் வெளிநாட்டு விலைதான். தேசிய அடையாள அட்டையோ இலங்கைக் கடவுச்சீட்டோ உள்ளவர்கள் அதைக் கையோடு கொண்டுபோங்கள். இரட்டைக் குடியுரிமை பெற்றவர்கள் அந்தச் சான்றிதழின் பிரதியையும் எடுங்கள். தனியாக வருகிறவர்கள் கரையில் இன்னொரு குழுவோடு படகைப் பங்கிட்டால் செலவு இறங்கும்.

தீவின் கரை வெறும் மணல் இல்லை. உடைந்த முருகைக்கல் (பவளப்பாறை) துண்டுகள் பரவிக் கிடக்கும், வெறுங்காலைக் கிழிக்கும். ரப்பர் அடிக்காலணி வேண்டும். குடிநீரைக் கழுவிப் பயன்படுத்தும் போத்தலில் எடுங்கள், பொலித்தீன் பையே வேண்டாம். கடலாமைகள் அதைச் சொறிமுட்டை என்று நினைத்து விழுங்குகின்றன.

மிதந்து பார்ப்பதா, சுழியோடுவதா

தீவுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் மூச்சுக்குழாயோடு மிதந்து பார்க்கவே வருகிறார்கள். அதற்கு இது அருமையான இடம். ஒரு பக்கக் கரையில் முருகைக்கல் ஆழமில்லாமல் விரிந்திருக்கும். மறுபக்கத்தில் கருந்துடுப்புச் சுறாக்கள் மேயும். ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை மீற்றர் நீளமுள்ள கூச்சமான மீன் அது. துரத்தினால் போய்விடும், அசையாமல் மிதந்தால் அருகே வரும். நீந்தத் தெரியாத பெரியவர்களும் உயிர்காப்பு அங்கியோடு இதைப் பார்த்துவிடலாம். சிலிண்டரோடு இறங்குவது பெரும்பாலும் தீவைச் சுற்றியும் அதற்கு வெளியேயும் உள்ள பாறைத் திட்டுகளில் நடக்கும். நிலையத்தோடு விலை பேசும்போதே, இறங்குமிடம் பூங்கா எல்லைக்குள்ளா வெளியிலா, நுழைவுச்சீட்டு அவர்கள் சொன்ன தொகைக்குள் அடங்குமா என்று கேளுங்கள்.

நிலாவெளியிலும் உப்புவெளியிலும் நிலையங்கள் பல உண்டு. விலையை மட்டும் வைத்துத் தெரிவுசெய்யாதீர்கள். ஆசிரியரின் அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், நல்ல ஆசிரியர் கோபிக்க மாட்டார். அறிமுகச் சுழியோட்டத்தில் ஓர் ஆசிரியருக்கு நால்வர் என்பது மேல் எல்லை. முதன்முறை இறங்குகிறவர்களுக்கு இருவர் என்றால்தான் நிம்மதி. படகில் ஒக்சிசன் சிலிண்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

கருவிகளை நீங்களே சோதியுங்கள். வாய்க்கருவியில் நாலைந்து தரம் மூச்சிழுத்துக்கொண்டே அழுத்தமானியைப் பாருங்கள். ஊசி மூச்சோடு சேர்ந்து கீழே போய்த் திரும்பினால் சிலிண்டரின் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. ஊசியைப் பார்க்காவிட்டால் கரையில் இது தெரியாது, பத்து மீற்றரில் மூச்சு இறுகும்போதுதான் தெரியும். காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ இருந்தால் அந்தச் சிலிண்டர் வேண்டாம். ஊசி 200 பார் அளவில் நிற்க வேண்டும், 50 பாரோடு படகில் ஏற வேண்டும். மாற்று வாய்க்கருவியையும் கடித்துப் பாருங்கள், பலர் அதைத் தொடுவதே இல்லை.

ஈயப்பாரத்தில் நிறையப் பேர் பிழைவிடுகிறார்கள். காற்றடைக்கும் மிதவைச் சட்டையில் காற்றில்லாமல், சாதாரண மூச்சோடு அசையாமல் நின்றால் நீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும். நிறைசிலிண்டரோடு இதைப் பார்த்தால் இன்னும் இரண்டு கிலோ சேருங்கள், காற்றுத் தீரத் தீர அலுமினியச் சிலிண்டர் அவ்வளவு இலேசாகும். பாரம் கூடியவர் அடியில் விழுந்து முருகைக்கல்லை உடைப்பார், குறைந்தவர் கடைசியில் ஐந்து மீற்றரில் நிற்கமுடியாமல் மேலே மிதந்துவிடுவார். அங்கே மூன்று நிமிடம் நின்றுதான் வரவேண்டும், ஏறும் வேகம் நிமிடத்துக்கு ஒன்பது மீற்றரைத் தாண்டவேண்டாம்.

காதை நீர்மட்டத்திலேயே சமப்படுத்தத் தொடங்கி, ஒவ்வொரு மீற்றருக்கும் தொடருங்கள். முதற் பத்து மீற்றருக்குள் அழுத்தம் இரட்டிப்பாகிவிடும். வலி வந்தபின் மூக்கைப் பிடித்து ஊதினால் செவிப்பறை கிழியலாம், அரை மீற்றர் மேலே ஏறி மீண்டும் முயலுங்கள். விமானத்தில் பிடித்த தடிமனோடு இறங்கவே வேண்டாம். மூக்கடைப்பு மாத்திரையின் வேகம் நீருக்கடியில் தணிந்தால் ஏறும்போது காற்று சிக்கிக்கொள்ளும்.

முருகைக்கல் உயிருள்ளது. உருண்டைப் பாறை மாதிரி வளரும் வகை ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவிலேயே வளரும். படம் எடுக்க அதன்மேல் ஏறி நிற்கிற ஒருவர், ஒரு மனித ஆயுளின் வளர்ச்சியை நொடியில் அழிக்கிறார். தயவுசெய்து பிள்ளைகளுக்கு இதைப் படகிலேயே சொல்லுங்கள். களைத்தால் மல்லாந்து மிதக்கலாம், நிற்கக்கூடாது. வெயிலுக்குப் பசைபூசுவதைவிட நீளக்கைச் சட்டை நல்லது, பசைகளில் உள்ள ஒக்சிபென்சோன் முருகை உயிர்களைப் பாதிக்கிறது. கூடுகட்டிய பெரிய கிளாத்தி மீன் எதிர்த்து வந்து கடிக்கும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரிந்திருப்பதால் மேலே ஏறாமல் பக்கவாட்டில் விலகுங்கள்.

கோணேசர் மலையடியும் கப்பல்களும்

அனுபவமுள்ளவர்கள் திருகோணமலை நகரில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலையின் அடியைக் கேளுங்கள். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோணேசர் ஆலயத்தின் தூண்களும் கற்களும் அங்கே நீருக்கடியில் கிடக்கின்றன. 1956இல் சுழியோடி மைக் வில்சனும் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அங்கே சுழியோடினார்கள். செங்குத்துப் பாறையில் அலை மோதித் திரும்புவதால் மிக அமைதியான நாளில் மட்டுமே இறங்கலாம். எந்தக் கல்லையும் தொடாதீர்கள், அது எங்கள் கோயில்.

1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீற்றருக்கும் அதிக ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லையே 40 மீற்றர். சாதாரணப் பயிற்சியோடு அங்கே கூட்டிப்போவதாகச் சொல்கிறவரை நம்பாதீர்கள்.

ஏதாவது பிசகினால்

மேலே வந்தபின் மூட்டுவலி, தோலில் புள்ளி, கைகால் விறைப்பு, அளவுக்கு மீறிய களைப்பு தெரிந்தால் ‘வெயிலாக இருக்கும்’ என்று படுத்துவிடாதீர்கள். படுக்க வைத்து ஒக்சிசன் கொடுத்து உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் அழுத்த அறைச் சிகிச்சை உண்டு. சங்கும் கடலட்டையும் எடுக்கச் சிலிண்டரோடு இறங்கிப் பாதிக்கப்பட்ட எங்கள் தொழிலாளிகள் பலர் அங்கே சிகிச்சை பெற்றிருக்கிறார்கள். நச்சுமுள் குத்தினால் தோல் வேகாத அளவுக்குச் சூடான நீரில், ஏறக்குறைய 45 பாகையில், குத்திய இடத்தை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள். சூட்டை முதலில் குத்துப்படாத கையால் பாருங்கள், வலியில் இருப்பவருக்குச் சூடு தெரியாது.

கரையில் கிடக்கும் செத்த முருகைக்கல்லையும் சிப்பியையும் பெட்டிக்குள் வைக்காதீர்கள். தேசிய பூங்காவிலிருந்து எதையும் எடுப்பது குற்றம். கல்முருகை வகைகள் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டிலும் உள்ளன, அனுமதிப்பத்திரம் இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையச் சுங்கத்தில் பறிமுதலாகும். பிள்ளைகளின் பைகளை நிலாவெளியிலேயே ஒருதரம் கொட்டிப் பாருங்கள்.