மூளையும் நரம்பு மண்டலமும்: படித்தவர்களும் சறுக்கும் இடங்கள்

மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம், இடது மூளைக்காரர் கணக்கில் புலி, வலது மூளைக்காரர் பிறவிக் கலைஞர் என்ற கதைகளை இங்கே நீட்டி மறுக்கப் போவதில்லை. உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதமே உள்ள மூளை, சும்மா படுத்திருக்கும்போதும் உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை வாங்கிக்கொள்கிறது. முக்கால்வாசிக்கு மேல் வேலையில்லாமல் கிடக்கும் உறுப்புக்கு உடல் இவ்வளவு படியளக்காது. மனித மூளையில் பத்தாயிரம் கோடி நியூரான்கள் (நரம்பு செல்கள்) என்ற பழைய எண்ணையும் மாற்றிக்கொள்ளலாம். பிரேசில் ஆய்வாளர்கள் மூளைத் திசுவைக் கரைத்து செல் உட்கருக்களை எண்ணி 2009-ல் வெளியிட்ட கணக்கு சுமார் 8,600 கோடி. அதில் 6,900 கோடி சிறுமூளையில் இருக்கிறது. சிந்தனையின் இருப்பிடம் என்று நாம் கொண்டாடும் பெருமூளைப் புறணியில் 1,600 கோடிதான். நியூரான்களைத் தாங்கி உதவும் கிளியா செல்கள் அவற்றைவிடப் பத்து மடங்கு என்பதும் அந்த எண்ணிக்கையில் அடிபட்டுப் போனது. இரண்டும் ஏறக்குறையச் சமம்.

இவை செவிவழித் தவறுகள். அதிகத் தொல்லை தருபவை பாடம் படித்த பிறகு வருகிறவை. பிளஸ் டூ உயிரியலிலும், நர்சிங், பிசியோதெரபி, மருத்துவ முதலாண்டு விடைத்தாள்களிலும் அவை திரும்பத் திரும்பத் தலைகாட்டும். பாகங்களின் பெயர் தெரிந்திருக்கும். சமிக்ஞை எங்கே கிளம்புகிறது, எங்கே பக்கம் மாறுகிறது, போய்ச் சேரும் இடத்தில் அதை வாங்குவது எது என்பது தெரிந்திருக்காது.

பம்பின் தலையில் எல்லாவற்றையும் கட்டுவது

“சோடியம்–பொட்டாசியம் பம்ப் வேலை செய்வதால் செயல்நிலை மின்னழுத்தம் உண்டாகிறது.” இந்த வாக்கியத்தை எழுதாத வகுப்பே இருக்காது. செயல்நிலை மின்னழுத்தம் என்பது நரம்பில் ஓடும் மின்துடிப்பு; பம்ப் என்பது செல் சவ்வில் அயனிகளை இடம் மாற்றும் புரதம். பம்ப் ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியம் அயனிகளை வெளியே தள்ளி 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது என்பது சரி. ஆனால் அது செய்வது சேமிப்பு வேலை. செல்லுக்குள் பொட்டாசியம் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல், வெளியே 4. சோடியம் உள்ளே 15 அளவில், வெளியே 145. இந்த வித்தியாசத்தைக் கட்டிக் காப்பதோடு பம்பின் பங்கு கிட்டத்தட்ட முடிகிறது. துடிப்பு இல்லாத ஓய்வுநிலையில் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட −70 மில்லிவோல்ட்; அதில் பம்பின் நேரடிப் பங்கு சில மில்லிவோல்ட் மட்டும். மீதி, திறந்திருக்கும் பொட்டாசியம் வாயில்கள் வழியே அந்த அயனி கசிந்து வெளியேறுவதால் வருவது.

துடிப்பு எழுவது பம்பால் அல்ல, மின்னழுத்த மாற்றத்துக்குத் திறக்கும் சோடியம் வாயில்களால். அவை ஒரு மில்லி விநாடி அளவுக்குத் திறந்து, சோடியம் உள்ளே பாய்ந்து, அழுத்தம் +30 வரை ஏறி, பிறகு தாமாகவே செயலிழந்து மூடிக்கொள்கின்றன. 1955-ல் ஆய்வாளர்கள் ஹாட்ஜ்கினும் கெய்ன்ஸும் ஓட்டுக் கணவாயின் தடித்த ஆக்சானில் (நியூரானின் நீண்ட நாரில்) நச்சுப் பொருள் ஏற்றிப் பம்பை நிறுத்திப் பார்த்தார்கள். சோடியம் வெளியேறுவது நின்றது; ஆக்சான் துடிப்புகளைக் கடத்துவது நிற்கவில்லை. ஒரு துடிப்பில் உள்ளே வரும் சோடியம் அவ்வளவு சொற்பம். “ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் பம்ப்தான் அழுத்தத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது” என்று எழுதினாலும் அதனால்தான் மதிப்பெண் போகிறது. அதைச் செய்வது பொட்டாசியம் வெளியேற்றம்.

இந்த வேறுபாடு தேர்வோடு முடிவதில்லை. சிறுநீரகம் பழுதானவருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் 4-லிருந்து 8 ஆனால், பொட்டாசியத்தின் சமநிலை அழுத்தம் (அதன் நிகரக் கசிவு நின்றுவிடும் மின்னழுத்தம்) ஏறத்தாழ −95-லிருந்து −76-க்கு வந்துவிடும். ஓய்வுநிலையும் கூடவே மேலே நகரும். அந்த நிலையில் சோடியம் வாயில்கள் பல செயலிழந்தே கிடக்கும். தசை தளர்கிறது, இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றும் போகிறது. “ஓய்வுநிலை மேலே வந்தால் துடிப்பு எளிதாக எழ வேண்டுமே” என்று வாயிலின் செயலிழப்பை மறந்தவர்கள் கேட்பார்கள். வெளியே சோடியம் 4 மில்லிமோல் கூடினாலும் குறைந்தாலும் ஓய்வுநிலை அசையாது என்பதையும் இதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய தூண்டலுக்குப் பெரிய துடிப்பு என்று நினைப்பது

ஒரு ஆக்சானில் துடிப்பு எழுந்தால் முழு அளவில் எழும், இல்லையென்றால் எழாது. அப்படியானால் மெல்லத் தொடுவதையும் அழுத்திப் பிடிப்பதையும் மூளை எப்படிப் பிரித்தறிகிறது? விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பதாலும், எத்தனை ஆக்சான்கள் சேர்ந்து துடிக்கின்றன என்பதாலும். உயரத்துக்கு இதில் பங்கில்லை. படம் வரையும்போது பலமான தூண்டலுக்கு உயரமான கூம்பு போடும் பழக்கத்தை விட்டுவிட்டு, அதே உயரக் கூம்புகளை நெருக்கி வரையுங்கள். உணர் ஏற்பியிலும் சினாப்ஸிலும் (ஒரு நியூரான் அடுத்த செல்லைச் சந்திக்கும் இடம்) எழும் சிறு மின்மாற்றங்கள் வேறு வகை. அவை தூண்டலுக்கு ஏற்ப ஏறும், இறங்கும், ஒன்றோடொன்று கூடும். இரண்டையும் குழப்புவதுதான் இந்தத் தவறின் வேர்.

“நரம்பின் வேகம்” என்று ஒற்றை எண் சொல்வது

தடித்த, மையலின் (கொழுப்பு மிகுந்த காப்பு) உறையுள்ள இயக்க நார்களில் துடிப்பு விநாடிக்கு 80 முதல் 120 மீட்டர் ஓடும். மையலின் இல்லாத மெல்லிய வலி நார்களில் 0.5 முதல் 2 மீட்டர்தான். கால் விரலை மேசைக் காலில் இடித்துக்கொண்டால் முதலில் சுரீரென்று ஒரு வலி, சற்றுப் பொறுத்து பரவலாக இன்னொரு வலி வருகிறதே, அதன் கணக்கு இது: விரலிலிருந்து தண்டுவடம் ஏறத்தாழ 1 மீட்டர். மெல்லிய மையலின் உள்ள நாரில் விநாடிக்கு 20 மீட்டர் என்றால் 0.05 விநாடி, மையலின் இல்லாததில் விநாடிக்கு 1 மீட்டர் என்றால் முழுதாக 1 விநாடி.

மையலின் உறை உரிந்தால் வேகம் மட்டும் குறையும் என்று எழுதுவது பாதி விடை. சோடியம் வாயில்கள் உறையின் இடைவெளிகளான ரான்வியர் கணுக்களில் குவிந்திருக்கின்றன, உறைக்கு அடியில் மிகக் குறைவு. உறை போன இடத்தில் துடிப்பைப் புதுப்பிக்க ஆளில்லாமல் அது பாதி வழியில் அணைந்துபோகும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸில் பார்வை மங்குவதற்கும், கில்லன்–பார்ரே நோயில் கால் எழாமல் போவதற்கும் இந்தத் தடைதான் பெரிய காரணம். முதலாவது மூளையிலும் தண்டுவடத்திலும் ஒலிகோடென்ட்ரோசைட் என்ற செல் போட்ட உறையைத் தாக்குவது. இரண்டாவது புற நரம்புகளில் ஷ்வான் செல் போட்ட உறையை. இதை மாற்றி எழுதுபவர்களும் ஏராளம்.

வேதிப்பொருளுக்குக் குணம் கற்பிப்பது

“அசிட்டைல்கோலின் தூண்டும், காபா அடக்கும், டோபமின் மகிழ்ச்சி தரும்.” நரம்பு முனைகள் சுரக்கும் வேதிப்பொருள்களைத் தலைமாற்றிப் புரிந்துகொண்டதன் அழகான மாதிரி இது. விளைவைத் தீர்மானிப்பது ஏற்பி, அதாவது வேதிப்பொருள் வந்து அமரும் புரதம். அதே அசிட்டைல்கோலின் எலும்புத் தசையில் நிக்கோட்டினிக் ஏற்பியில் அமர்ந்து தசையைச் சுருக்குகிறது. இதயத்தில் மஸ்கரினிக் ஏற்பியில் அமர்ந்து துடிப்பை மட்டுப்படுத்துகிறது. நரம்பு முனையிலிருந்து வேதிப்பொருள் சுரந்துதான் செய்தி போகிறது என்பதை 1921-ல் ஆட்டோ லோவி காட்டியதும் தவளை இதயத்தை மெதுவாக்கிய இந்தப் பொருளை வைத்தே.

ஏற்பியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து நச்சைவிட நல்ல பாடம் கிடையாது. அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை அது முடக்குவதால் அசிட்டைல்கோலின் தேங்குகிறது. மஸ்கரினிக் பக்கம்: கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சில் வழியும், நுரையீரலில் சளி நிறையும், இதயம் மெதுவாகும். நிக்கோட்டினிக் பக்கம்: தசைகள் ஆங்காங்கே துடித்து, பிறகு செயலிழக்கும். இதற்குத் தரும் மருந்தான அட்ரோபின் தடுப்பது மஸ்கரினிக் ஏற்பியை மட்டும். நெஞ்சில் சளி வற்றிவிட்டது, நாடி ஏறிவிட்டது என்று நிம்மதியடைந்தால், மூச்சுத் தசைகள் தளர்வது அப்படியே தொடரும். அட்ரோபின் போட்டுச் சற்றுத் தேறியவரையும் மருத்துவர்கள் கண்காணிப்பிலேயே வைத்து, வேண்டியபோது வென்டிலேட்டரில் போடுவது இதனால்தான்.

பூச்சிமருந்து நச்சு ஏறியவருக்கு வியர்வையும் கொட்டும். பரிவு நரம்பு (உடலை அவசரத்துக்குத் தயாராக்குவது) என்றால் நார்அட்ரினலின், எதிர்ப்பரிவு (ஓய்வுக்குத் திருப்புவது) என்றால் அசிட்டைல்கோலின் என்று கோடு போட்டு வைத்திருப்பவர்கள் இங்கே விழிப்பார்கள். வியர்வைச் சுரப்பிக்குப் போவது பரிவு நரம்பு; அதன் முனையில் சுரப்பது அசிட்டைல்கோலின்.

அனிச்சைச் செயலில் மூளையை வெளியே நிறுத்துவது

முழங்கால் உதறலும் சூட்டில் கையை இழுப்பதும் ஒரே படத்தில் ஒரே சுற்றாக வரையப்படுவது வழக்கம். சூட்டில் கையை இழுக்கும் சுற்றில் உணர் நியூரானுக்கும் இயக்க நியூரானுக்கும் நடுவே இடை நியூரான்கள் உண்டு. முழங்கால் உதறலில் தொடைமுன் தசைக்குப் போகும் வழியில் ஒரே ஒரு சினாப்ஸ்தான், இடை நியூரான் கிடையாது. பின்தொடைத் தசையை அந்நேரம் தளரச் செய்யும் கிளையில்தான் இடை நியூரான் வருகிறது. சுத்தியல் தட்டுவது தசைநாணில் என்றாலும் உணர்வது தசைக்குள் இருக்கும் கதிருறுப்பு, தசை திடீரென்று இழுபடுவதால்.

“மூளைக்குத் தொடர்பில்லை” என்பதும் தவறு. செய்தி மூளைக்கும் போகிறது, சற்றுத் தாமதமாக. மூளையிலிருந்து இறங்கும் பாதைகள் இந்தச் சுற்றை எந்நேரமும் இறுக்கியும் தளர்த்தியும் வைக்கின்றன. இரு கை விரல்களைக் கோத்து இழுக்கச் சொல்லிவிட்டுத் தட்டினால் உதறல் கூடுவதைப் பார்க்கலாம். பக்கவாதம் வந்த காலில் சில வாரங்கள் கழித்து உதறல் மிகையாவதும் அந்தக் கடிவாளம் அறுந்ததால்.

“இடது மூளை வலது உடலை ஆள்கிறது” என்பதோடு நிறுத்திக்கொள்வது

இந்த வாக்கியம் சரிதான். ஆனால் எங்கே பக்கம் மாறுகிறது என்று சொல்லாவிட்டால் எதற்கும் உதவாது. தசைக்கு ஆணை கொண்டுவரும் பாதையில் 85–90 சதவீத நார்கள் முகுளத்தின் (மூளைத்தண்டின் அடிப்பகுதி) கீழ்ப்பகுதியில் மறுபக்கம் போகின்றன. தொடு உணர்வும் மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்ற உணர்வும் தண்டுவடத்தில் அதே பக்கமாகவே ஏறி, முகுளத்தில் சினாப்ஸ் முடிந்ததும் பக்கம் மாறுகின்றன. வலியும் வெப்பமும் அவ்வளவு தூரம் காத்திருப்பதில்லை. தண்டுவடத்துக்குள் நுழைந்து ஓரிரு கணுக்களுக்குள் (தண்டுவடத்தின் அடுக்குகள்) மறுபக்கம் போய்விடும்.

விளைவு: தண்டுவடத்தின் வலப் பாதி மட்டும் அறுபட்டால், காயத்துக்குக் கீழே வலது கால் அசையாது, வலது காலில் அதிர்வும் மூட்டு நிலையும் தெரியாது. குண்டூசி குத்தினால் தெரியாதது இடது காலில். பிரௌன்–செக்வார்டு எனப்படும் இந்த நோய்த்தொகுப்பைப் பட்டியலாக மனப்பாடம் செய்கிறவர்கள் இரு மாதத்தில் மறப்பார்கள். வெள்ளைத்தாளில் மூன்று பாதைகளையும் வரைந்து, செல் உடல் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி, சினாப்ஸுக்கு ஒரு முட்கிளை, பக்கம் மாறும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டவர்கள் கேள்வி எப்படி வந்தாலும் வரைந்து பார்த்துச் சொல்வார்கள். வலிப் பாதையில் முதல் புள்ளி தண்டுவடத்துக்கு வெளியே, முதுகுப்புற வேர் முடிச்சில் விழ வேண்டும்; தண்டுவடத்துக்கு உள்ளே போட்டால் வரைபடம் தொடக்கத்திலேயே தப்பு.

சிறுமூளை இந்த விதிக்குக் கட்டுப்படாது. அதன் வழி இரண்டு முறை பக்கம் மாறுவதால் வலது சிறுமூளை பழுதானால் தடுமாறுவது வலது கைதான்.

முகத்தில் இன்னொரு சிக்கல். நெற்றித் தசைக்கு இரு பக்க மூளையிலிருந்தும் ஆணை வருகிறது, வாய்ப்பக்கத் தசைக்குப் பெரும்பாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து மட்டும். பெருமூளைப் பக்கவாதத்தில் வாய் கோணினாலும் புருவத்தை உயர்த்த முடியும். முக நரம்பே பழுதாகும் பெல்ஸ் பால்சியில் நெற்றியும் சுருங்காது, கண்ணும் மூடாது. வீட்டில் இதைச் சோதித்து “இது பக்கவாதமில்லை” என்று முடிவுகட்டி உட்கார்ந்துவிடக் கூடாது. வாய் திடீரென்று கோணினால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பார்வையில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். இடது கண் வலது மூளைக்கு என்று பாதை போகவில்லை. இரண்டு கண்களும் பார்க்கிற இடப்பக்கக் காட்சி வலது மூளைக்குப் போகிறது. மூக்குப் பக்க விழித்திரையின் நார்கள் மட்டும் பார்வை நரம்புச் சந்தியில் பக்கம் மாறுவதால் வரும் ஏற்பாடு இது. வலது பின்தலை மூளையில் இரத்தக் குழாய் அடைத்தவர் “இடது கண் போச்சு டாக்டர்” என்பார். ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்க்கச் சொன்னால், இரண்டு கண்ணிலும் இடப் பாதி இல்லை என்பது தெரியும். இடது கண்ணைப் பொத்தியதும் குறை மறைந்தால் மட்டுமே கோளாறு அந்தக் கண்ணிலோ அதன் பார்வை நரம்பிலோ இருக்கிறது. பிட்யூட்டரிக் கட்டி சந்தியை நடுவில் அழுத்தினால் இரு கண்களிலும் வெளிப்பாதி போகும். பக்கவாட்டில் வரும் வண்டி தெரியாமல் இடித்துக்கொள்வதுதான் சிலருக்கு முதல் அறிகுறி.

எலும்பின் எண்ணையும் நரம்பின் எண்ணையும் ஒன்றாக்குவது

பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு வேர்கள் மட்டும் தொங்கும். தண்டுவட நீர் எடுக்க எல்3–எல்4 (மூன்றாம், நான்காம் இடுப்பு முள்ளெலும்புகள்) இடைவெளியில் ஊசி போடுவது அதனால்தான். டி12 எலும்பு (பன்னிரண்டாம் மார்பு முள்ளெலும்பு) நொறுங்கினால் அடிபடுவது மார்புக் கணு என்று எண்ணக் கூடாது. அந்த மட்டத்தில் இருப்பது காலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் உரிய கணுக்கள்.

கழுத்தில் எலும்பு 7, நரம்பு 8 ஜோடி. சி1 முதல் சி7 வரையான கழுத்து நரம்புகள் தத்தம் எலும்புக்கு மேலே வெளியேறும். சி8, ஏழாம் கழுத்தெலும்புக்கும் முதல் மார்பெலும்புக்கும் நடுவே. அங்கிருந்து கீழே எல்லா நரம்பும் தன் எலும்புக்குக் கீழே வெளியேறும். சி5–சி6 ஜவ்வு (எலும்புகளுக்கு இடையிலான வட்டு) பிதுங்கினால் அங்கே வெளியேறிக்கொண்டிருக்கும் சி6 நசுங்கும். எல்4–எல்5 ஜவ்வு பிதுங்கினால் எல்4 ஏற்கெனவே ஜவ்வுக்கு மேலாக வெளியேறிவிட்டிருக்கும், அடுத்த தளத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கும் எல்5 மாட்டும். ஜவ்வு மிக ஓரமாக, துளைக்குள்ளேயே பிதுங்கினால் மட்டும் எல்4. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் எல்4–எல்5 என்று பார்த்துவிட்டு முழங்கால் உதறலை மட்டும் தட்டிப் பார்த்து “நரம்பு நன்றாக இருக்கிறது” என்று சொல்லிவிடுவது இந்த இடத்துத் தவறு. முழங்கால் உதறல் எல்3, எல்4 வேர்களுடையது. எல்5-க்குப் பார்க்க வேண்டியது கால் பெருவிரலை எதிர்ப்புக்கு எதிராக மேலே தூக்க முடிகிறதா, குதிகாலை ஊன்றி நடக்க முடிகிறதா என்பதை. எல்5–எஸ்1 ஜவ்வாக இருந்தால் எஸ்1 (முதல் திருவெலும்பு நரம்பு) வேர். அதற்குக் குதிகால் உதறலையும் நுனிக்கால் நடையையும் சோதிக்க வேண்டும்.